நடுவில் 13 டன், முனையில் 2 டன்: கடலூர் முதுநகரில் ஒரு ஷெட்டின் கிராஸ் ஆங்கிள்கள்

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இரும்பு ஷெட்டில் 2024 செப்டம்பரிலிருந்து 2025 மார்ச் வரை நான் பார்த்ததையும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் இடிந்து விழவில்லை. ஆனாலும் போல்ட் போட்ட ஆங்கிள் (L வடிவ இரும்புச் சட்டம்) ஒன்று இழுவிசையை எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு, காகிதத்தில் ஒரு விடையும் இடத்தில் வேறொரு விடையும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஆறு மடங்கு வித்தியாசம். நம் கரையோரத்தில் இதே மாதிரி ஷெட்கள் நிறைய நிற்கின்றன. அவற்றை வடிவமைப்பவர்களுக்கும், கட்டுபவர்களுக்கும், வைத்திருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி

வலை, மிதவை, ஐஸ் பெட்டி இவற்றை வைக்கும் கிடங்கு அது. 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், கூரை விளிம்பு வரை 5 மீட்டர் உயரம். நீளவாக்கில் 5 மீட்டருக்கு ஒரு தூண், ஆக ஆறு கட்டங்கள். குறுகிய முகப்புச் சுவர் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. கடல்காற்று அந்த முகப்பில் மோதும்போது ஷெட் முழுவதையும் நீளவாக்கில் மேற்கே தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நீளச் சுவர்களில் பெருக்கல் குறி மாதிரிப் போட்டிருக்கும் கிராஸ் ஆங்கிள்கள். வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் முதல் கட்டத்திலும் ஆறாவது கட்டத்திலும் அவற்றை வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான்.

அதே இடத்தில் முன்பு ஒரு பழைய கொட்டகை இருந்தது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் அடித்த காற்று கூரையோடு அதைத் தூக்கிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்த அதே காலை. உரிமையாளர் அதை இன்றும் மறக்கவில்லை. "இன்னொரு தடவை அப்படிப் பாக்கக் கூடாதுன்னுதான் தம்பி, முழுசா இரும்புல போட்டேன்" என்றார். 2013இல் முறையாக வரைபடம் போட்டு, கணக்குத் தாளோடு கட்டிய ஷெட் இது. பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர் அல்ல அவர். இதைச் சொல்லியாக வேண்டும்.

2022இல் லாரி உள்ளே வர வழி தேவைப்பட்டது. தெற்குச் சுவரின் ஆறாவது கட்டத்தில், சாலைப் பக்கம், ஷட்டர் வைத்தார்கள். குறுக்கே நின்ற இரண்டு ஆங்கிள்களையும் கேஸ் கட்டரால் அறுத்து எடுத்தார்கள். எந்தப் பொறியாளரையும் யாரும் கேட்கவில்லை. ஷட்டர் போட வந்தவருக்கு அவை வழியை அடைக்கும் இரண்டு கம்பிகள், அவ்வளவுதான்.

என்னைக் கூப்பிட்ட காரணம்

ஷட்டர் வைத்த பிறகு வந்த இரண்டு மழைக்காலத்திலும் தென்கிழக்கு மூலையில் ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர்தான் அதை முதலில் கவனித்தவர். மாலை நேரத்தில் இடிமழைக்கு முன்னால் வரும் காற்று ஏறும்போது 'டக்', கொஞ்சம் விட்டு மறுபடி 'டக்'. "தகரம் ஆடுற சத்தம் எனக்குத் தெரியும் சார். அது பரபரன்னு கேக்கும். இது சுத்தியால ஒரே அடி அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். இவ்வளவு துல்லியமான விவரம் எனக்குப் பெரும்பாலும் பொறியாளர்களிடமிருந்தே கிடைப்பதில்லை.

கூரைத் தகடு தளர்ந்திருக்கும், ஸ்க்ரூ மாற்றினால் போதும் என்று நினைத்து உரிமையாளர் இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்திருக்கிறார். சத்தம் நிற்கவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்க ஐந்து வாரம் இருந்த நிலையில் என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாள் பார்த்தது

முதல் நாள் நான் ஏணி போடவில்லை. தரையிலிருந்தே பார்த்தேன். தென்கிழக்குக் கட்டத்தின் இரண்டு ஆங்கிள்களும் 50×50×6 அளவு, வரைபடத்தில் உள்ளபடியே. இரண்டும் நடுவில் குறுக்கிடும் இடத்தில் வரைபடம் ஒரு போல்ட் காட்டுகிறது. ஓட்டை இருந்தது, போல்ட் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை 7 மீட்டர் நீளமுள்ள அந்த மெல்லிய ஆங்கிள் தன் எடையிலேயே தொய்ந்திருந்தது. நூல் பிடித்துப் பார்த்தேன், 40 மி.மீ. தொய்வு.

கீழ் முனைக்குக் குனிந்து பார்த்தபோது சத்தத்துக்கான காரணம் கண்ணில் பட்டது. போல்ட்டின் வாஷரை ஒட்டி, ஆங்கிளைத் தூணோடு இணைக்கும் கஸ்ஸட் தகட்டில் பிறை வடிவத்தில் ஒரு கீற்று. மற்ற இடமெல்லாம் பெயின்டும் துருவும் இருக்க, அந்தக் கீற்று மட்டும் வெள்ளிபோல் மின்னியது. இரும்பு இரும்போடு உரசினால்தான் அந்த மினுக்கம் வரும். காற்று ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஆங்கிள் இடம் மாறி, போல்ட் ஓட்டையின் ஓரத்தில் மோதியிருக்கிறது. அந்த அம்மா கேட்டது அந்த மோதலைத்தான்.

அந்த முனையில் இரண்டு போல்ட் இருக்க வேண்டும், இருந்தது ஒன்று. இரண்டாவது ஓட்டை கஸ்ஸட்டில் உள்ள ஓட்டையோடு சேரவில்லை, பாதி நிலா மாதிரி ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. சேராததால் அப்படியே விட்டுவிட்டார்கள். போல்ட் தலையில் 4.6 என்ற எழுத்து தெரிந்தது, அது போல்ட்டின் வலிமைத் தரம். வரைபடத்தில் '16 மி.மீ. போல்ட்' என்று மட்டும் இருந்தது, தரம் எழுதப்படவில்லை. தரம் எழுதாவிட்டால் கடையில் எது கிடைக்கிறதோ அதுதான் வரும்.

அன்று மாலை, மேல் முனை வரைபடத்தில் உள்ளபடியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். அது தவறு. நான்கு நாள் கழித்துச் சாரம் கட்டி ஏறியபோதுதான் தெரிந்தது.

மேல் முனை

ஆங்கிள் நீளமாக வந்திருக்கிறது. தூணில் இடித்திருக்கிறது. தூக்கி நிறுத்திய பிறகு, மேலே உட்கார்ந்தபடியே ஒருவர் கேஸ் கட்டரால் முனையை அறுத்திருக்கிறார். வெட்டு கரடுமுரடாக, சாய்வாக இருந்தது. கடைசி ஓட்டையின் மையத்திலிருந்து வெட்டிய ஓரம் வரை அளந்தேன், 14 மி.மீ. ஓட்டையின் விட்டம் 18 என்பதால் மையத்திலிருந்து 9 மி.மீ. ஓட்டைக்கே போய்விடுகிறது. போல்ட்டுக்கும் வெளிக்கும் நடுவே மிஞ்சிய இரும்பு 5 மி.மீ. மட்டும். என் சுண்டு விரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

இரும்புக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 800:2007 இதற்கு ஓர் அளவு சொல்கிறது. கையால் கேஸ் வெட்டிய ஓரமாக இருந்தால் ஓட்டை விட்டத்தில் 1.7 மடங்கு, ரம்பத்தால் அறுத்த ஓரமாக இருந்தால் 1.5 மடங்கு. 18 மி.மீ. ஓட்டைக்கு முறையே ஏறத்தாழ 31, 27 மி.மீ. வரைபடம் 30 காட்டியது. இடத்தில் இருந்தது அதில் பாதிகூட இல்லை.

இரண்டாவது ஓட்டையும் கஸ்ஸட்டோடு சேராததால் அதையும் கேஸ் வைத்து நீட்டியிருக்கிறார்கள். 18 மி.மீ. வட்டம் 26 மி.மீ. நீள்வட்டமாகிவிட்டது. போல்ட் உள்ளே இருக்கிறது, நட்டும் இறுக்கமாக இருக்கிறது, கீழேயிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் ஆங்கிள் சில மி.மீ. நகர்ந்தால்தான் அந்தப் போல்ட் ஓரத்தைத் தொட்டு வேலை செய்யத் தொடங்கும். அதுவரை முழுச் சுமையும் 14 மி.மீ. ஓரமுள்ள போல்ட்டின் மேல்.

அப்புறம் மிச்சமிருந்த முனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஷெட்டின் சுவர்களில் அப்போது இருந்த 12 முனைகளில் வரைபடத்தோடு ஒத்துப்போனவை 7. ஒரே ஆள் எல்லாவற்றையும் மோசமாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. எங்கே ஆங்கிள் சரியாகப் பொருந்தியதோ அங்கே வேலை நன்றாகவே இருந்தது. பொருந்தாத இடத்தில்தான் கேஸ் கட்டர் வந்திருக்கிறது.

கணக்கு

2013ஆம் ஆண்டுக் கணக்குத் தாளை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்தார். அதில் கிராஸ் ஆங்கிளுக்கு மூன்றே வரி. வரும் இழுவிசை 30 கிலோநியூட்டன். ஆங்கிளின் முழு வெட்டுப்பரப்பு 568 சதுர மி.மீ.; அதை இரும்பின் வலிமையான 250ஆல் பெருக்கி, பாதுகாப்புக்காக 1.1ஆல் வகுத்தால் 129 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 13 டன். 'போதும்' என்று முடித்திருந்தார்கள். நான்கு மடங்குக்கு மேல் மிச்சம் இருப்பதாகத் தெரிந்தால் யாருக்கும் மேற்கொண்டு பார்க்கத் தோன்றாது.

அந்த 129 பொய்யான எண் அல்ல. ஓட்டையே இல்லாத, முனையிலிருந்து தள்ளியிருக்கும் நடுப்பகுதி நெகிழ்ந்து நீளத் தொடங்கும் அளவு அது. ஆங்கிள் நடுவில் அறுவது அரிது. முனையில் அது எப்படிப் போகும் என்பதற்கு இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து, எது சிறியதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஓட்டை வழியாக அறுவது. ஓட்டைக்குப் போன இரும்பைக் கழிப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் விடுவது அடுத்ததை. ஆங்கிளின் ஒரு பக்கம் மட்டும்தான் கஸ்ஸட்டோடு போல்ட் போடப்படுகிறது. மறுபக்கம் காற்றில் நிற்கிறது. விசை முதலில் போல்ட் உள்ள பக்கத்துக்கு வந்து, அதிலிருந்து மெதுவாகத்தான் மறுபக்கத்துக்குப் பரவும். இணைப்பு நீளம் குறைவாக இருந்தால் பரவ இடமே கிடைக்காது, மறுபக்கத்து இரும்பு பாதி வேலையோடு நின்றுவிடும். இதற்காக ஐ.எஸ். 800 ஒரு குறைப்புக் காரணி கொடுக்கிறது. 40 மி.மீ. இடைவெளியில் இரண்டே போல்ட் என்பதால் இங்கே அது 0.705 வந்தது, விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவான 0.7ஐக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. கிடைத்த தாங்குதிறன் 96 கிலோநியூட்டன்.

இரண்டாவது, துண்டாகப் பெயர்வது. சட்டையில் பட்டனை இழுத்தால் நூல் அறாமல், பட்டனைச் சுற்றியுள்ள துணியே பிய்ந்துவரும் அல்லவா, அது மாதிரி. போல்ட் வரிசையை ஒட்டி நீளவாக்கில் ஒரு வெட்டு, கடைசியில் குறுக்கே ஒரு கிழிசல், இரண்டும் சேர்ந்து ஒரு துண்டு இரும்பு பெயர்ந்து வந்துவிடும். முனை ஓரம் 30 மி.மீ. இருந்தால் இந்த வழியில் தாங்குவது 74 கிலோநியூட்டன். 129 எங்கே, 74 எங்கே. வரைபடப்படியே கட்டியிருந்தாலும் இதுதான்.

மூன்றாவது, போல்ட். 4.6 தரத்தில் 16 மி.மீ. போல்ட் ஒன்று, மரை உள்ள பகுதி வெட்டுத் தளத்தில் விழுந்தால் 29 கிலோநியூட்டன் தாங்கும். இரண்டு போட்டால் 58. ஆக, வரைபடத்தில் உள்ள இணைப்பின் உண்மையான தாங்குதிறன் 129 அல்ல, 58.

இடத்தில் இருந்த நிலைக்கு வருவோம். கீழ் முனையில் ஒரு போல்ட், 29. மேல் முனையில் 14 மி.மீ. ஓரம், போல்ட் அந்த ஓரத்தை நசுக்கிக் கிழித்துக்கொண்டு வெளியேறுவதற்குத் தேவையான விசை, விதியின்படி, 20 கிலோநியூட்டன். இரண்டு டன். நடுவில் 13 டன் தாங்கும் ஆங்கிள் முனையில் 2 டன்னில் நிற்கிறது.

வரும் விசையும் 30 அல்ல. கடலூர், புதுச்சேரிக் கரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கி.மீ. காற்றுச் சுமைக்கான விதிநூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் 2015 பதிப்பு புயல் அடிக்கும் கரையோரத் தொழிற்கூடங்களுக்கு இந்த வேகத்தை 1.15ஆல் பெருக்கச் சொல்கிறது. 2013இல் நடைமுறையில் இருந்த 1987 பதிப்பில் இந்தப் பெருக்கம் கிடையாது. அதனால் பழைய கணக்கைப் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். வேகம் 1.15 மடங்கானால் விசை அதன் வர்க்கமாக 1.32 மடங்காகும். 30 என்பது 40 ஆனது.

அதுவும் ஒரு சுவரில் இரண்டு கட்டங்களில் கிராஸ் இருந்தால்தான். தெற்குச் சுவரில் ஒன்றை அறுத்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரே கட்டத்துக்கு முழுச் சுமையும் போகிறது, 80 கிலோநியூட்டன். பெருக்கல் குறியில் இரண்டு ஆங்கிள் இருந்தாலும், ஒரு திசையில் காற்று அடிக்கும்போது இழுபடும் ஆங்கிள் மட்டும்தான் வேலை செய்யும். அழுத்தம் வரும் மற்றது வளைந்துகொடுத்துச் சும்மா நிற்கும்.

ஆக வரும் விசை 80, தாங்குவது 20. 80இல் விதிப்படி சேர்த்திருக்கும் 1.5 மடங்குப் பாதுகாப்பைக் கழித்துவிட்டு, எந்தக் காற்றில் இந்த 20 வந்துவிடும் என்று திருப்பிக் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 35 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 126 கி.மீ. விதியின் தாங்குதிறனுக்குள் கொஞ்சம் பாதுகாப்பு ஒளிந்திருக்கிறது என்பதால், அந்த வேகத்தில் உடனே அறுந்துவிடும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் 126 என்ற எண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தானே அடித்த வேகம் அது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உரிமையாளர் முதலில் கேட்டது: "எல்லா முனையையும் வெல்டிங் பண்ணிட்டா?" நியாயமான கேள்வி. நல்ல வெல்டிங், போல்ட் ஓட்டையால் வந்த பிரச்சினையைத் தீர்க்கும். நான் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணம். கீழ் முனைகளில் துருவைச் சுரண்டிப் பார்த்ததில் 6 மி.மீ. ஆங்கிள் சில இடங்களில் 4.6 மி.மீ. ஆகியிருந்தது, உப்புக்காற்றில் பதினொரு வருடம் நின்ற இரும்பின் மேல், சாரத்தில் தொங்கிக்கொண்டு போடும் வெல்டிங்கின் தரத்தை என்னால் சோதிக்க முடியாது. இன்னொன்று, முனையைச் சரிசெய்தாலும் ஒரே கட்டத்துக்கு 80 வருவது மாறாது.

அந்த இரண்டாவது காரணம் அடித்தளத்தில் போய் முடிகிறது. 45 பாகையில் சாய்ந்த ஆங்கிளில் 80 வந்தால், தூணின் அடியை அது ஏறத்தாழ 57 கிலோநியூட்டன் விசையோடு மேலே பிடுங்கும். தகரக் கூரை ஷெட்டில் அதை எதிர்க்கும் எடை அதிகம் இல்லை. ஒரு தூணின் பக்கத்தில் தோண்டிப் பார்த்தோம். 1.2 மீட்டர் சதுர அடித்தளம். மழைக்காலத்தில் துறைமுகப் பக்கம் நிலத்தடி நீர் ஏறினால் மண்ணின் எடையும் பாதியாகக் குறையும். 57ஐ அது தாங்காது. இரண்டு கட்டங்களாகப் பிரித்து 28 ஆக்கினால், தூண் அடிகளை இணைக்கும் பிளிந்த் பீமின் எடையையும் சேர்த்துச் சமாளிக்கும். ஆக, எவ்வளவு தடியான ஆங்கிள் போட்டாலும் ஒரு கட்டம் போதாது. இழுவிசை உறுப்பை வடிவமைப்பவர் கஸ்ஸட்டோடு நின்றுவிடக் கூடாது, விசை மண்ணைத் தொடும் வரை கூடவே போக வேண்டும்.

லாரி வழியை மூட முடியாது. எனவே ஷட்டருக்குப் பக்கத்தில் ஐந்தாவது கட்டத்தில் புதிய கிராஸ் போடுவது என்று முடிவானது. கிராஸ் கடைசிக் கட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தூண் தலைகளை இணைக்கும் பைப் வழியாக விசை அங்கே போய்ச் சேரும். அந்தப் பைப் அழுத்தத்தில் வளையாதா என்று பார்த்தேன், போதுமானதாக இருந்தது.

தெற்குச் சுவரில் இரண்டு கட்டங்களுக்கும் புதிதாக 65×65×6 ஆங்கிள், கால்வனைஸ் செய்தது. முனைக்கு மூன்று போல்ட், 16 மி.மீ., 8.8 தரம், 45 மி.மீ. இடைவெளி, முனை ஓரம் 35 மி.மீ. இம்முறை முனையிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். மூன்று போல்ட் என்பதால் இணைப்பு நீளம் 40இலிருந்து 90 ஆனது. விசை மறுபக்கத்துக்குப் பரவ இடம் கிடைத்து, 0.705 ஆக இருந்த காரணி 0.876 ஆயிற்று. நடுப்பகுதி 169, ஓட்டை வழி அறுவது 152, துண்டாகப் பெயர்வது 122, போல்ட்களின் வெட்டு 174, ஓட்டை ஓரம் நசுங்குவது ஏறத்தாழ 137. சிறியது 122. வருவது 40. இவ்வளவு மிச்சம் எதற்கு என்று கேட்கலாம். உப்புக்காற்றில் 1 மி.மீ. கரைந்தாலும் 100க்கு மேல் நிற்கும். அப்புறம், நாளைக்கு இன்னொரு ஷட்டர் வந்து இன்னொரு கிராஸ் போனால், மிஞ்சும் ஆங்கிளாவது அறுந்துவிடாமல் நிற்க வேண்டும். 50 ஆங்கிளுக்கும் 65 ஆங்கிளுக்கும் மீட்டருக்கு 1.3 கிலோதான் வித்தியாசம். மொத்தத்தில் இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து நாற்பது கிலோகூட வராது.

நடுவில் குறுக்கிடும் இடத்தில் போல்ட் கட்டாயம் என்றும் வரைபடத்தில் எழுதினேன். காற்றால் விசை திசை மாறும் இழுவிசை உறுப்பின் மெலிவு விகிதம் (நீளத்துக்கு அது எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண்) 350ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. பழைய 50 ஆங்கிள், நடு போல்ட் இல்லாமல், 736இல் நின்றிருக்கிறது. புதியது நடு போல்ட்டோடு 281.

வடக்குச் சுவரில் இரண்டு கட்டமும் இருந்தன. வருவது 40, இரண்டு போல்ட் இருந்தால் 58. அங்கே கெட்டுப்போன முனைகளை மட்டும் வெட்டி எடுத்து, நீளமான கஸ்ஸட் போட்டுச் சரிசெய்தால் போதும் என்று விட்டேன்.

ஆங்கிள் தயாராகி வர மூன்று வாரம் ஆகும். அதுவரை சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. முதல் கட்டத்தில் தூண் அடியிலிருந்து எதிர்த்தூண் தலைக்கு இரண்டு வயர் ரோப் கட்டி, டர்ன்பக்கிள் போட்டு இறுக்கினோம். துறைமுகத்தில் வயர் ரோப்புக்குப் பஞ்சமில்லை. படகில் ஓடித் தேய்ந்த ரோப் ஒன்றை ஒருவர் இலவசமாகவே தரத் தயாராக இருந்தார். நன்றி சொல்லிவிட்டுப் புதிதுதான் வாங்கினோம்.

வேலை நடந்த விதம்

இந்தப் பகுதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பழைய ஷெட்டில் கெட்டது எதுவும் மேசையில் கெடவில்லை, ஆங்கிளைத் தூக்கி நிறுத்திய அந்த அரை மணி நேரத்தில்தான் கெட்டது.

ஃபேப்ரிகேஷன் மேஸ்திரி முப்பது வருட அனுபவம் உள்ளவர். அவரிடம் வரைபடத்தைக் கொடுத்து, முனை ஓரம் 35 என்ற எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டினேன். அவர் கேட்டார்: "சார், மேல போய் ஓட்டை சேரலைன்னா நாங்க என்னதான் பண்றது? கிரேன் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும்." சரியான கேள்வி. இதற்கு வரைபடம் விடை சொல்லாவிட்டால் கேஸ் கட்டர்தான் விடை சொல்லும்.

இருவரும் பேசி ஒரு வழி கண்டோம். கஸ்ஸட்டை முதலில் தூணில் வெல்டிங் செய்துவிட்டு ஆங்கிளை அதோடு சேர்க்கப் பார்ப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாக்கினோம். தரையிலேயே ஆங்கிளையும் கஸ்ஸட்டையும் ஒன்றாகப் பிடித்து டிரில் செய்து, போல்ட் போட்டு, கஸ்ஸட்டோடு சேர்த்தே தூக்கி, தூணில் இடம் பார்த்து வெல்டிங் செய்வது. ஓட்டைகள் எப்போதும் சேர்ந்தே இருக்கும். பொருந்தாத சில மி.மீ. தூணுக்கும் கஸ்ஸட்டுக்கும் இடையே போய்விடும், அங்கே அதற்கு இடம் உண்டு. இது மேஸ்திரியின் யோசனை. நான் சேர்த்தது ஒன்றுதான்: ஆங்கிளின் நீளத்தில் 3 மி.மீ. குறைத்து டிரில் செய்யச் சொன்னேன், இழுத்துப் பூட்டும்போது தொய்வில்லாமல் விறைப்பாக நிற்கும்.

நான்கில் மூன்று ஆங்கிள்கள் சிக்கலில்லாமல் ஏறின. நான்காவது, தூண் அடியில் பழைய ஆங்கர் போல்ட் ஒன்று குறுக்கே நின்றதால் 9 மி.மீ. இடித்தது. மேஸ்திரி போன் செய்தார். "அண்ணே, கேஸ் போட்டுடாதீங்க, வர்றேன்" என்றேன். "போடலை சார், அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றார். அந்த ஆங்கிளை இறக்கி, புதிதாக ஒன்று அறுத்து, கஸ்ஸட்டின் வடிவத்தை மாற்றிப் போட்டோம். அரை நாள் போயிற்று. ஓர் ஆங்கிளின் விலையும் போயிற்று. உரிமையாளர் முகம் சுளிக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் கஸ்ஸட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்து வைத்தோம். நட் சுழன்றால் கோடு உடையும், தரையிலிருந்தே தெரியும்.

பிறகு நடந்தது

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வேலை முடிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கம் ஊர்கள் மூழ்கின. ஒரு வாரம் கழித்துத்தான் நான் முதுநகர் போக முடிந்தது. ஷெட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. மஞ்சள் கோடுகளில் ஒன்றும் உடையவில்லை. வாஷர்களைச் சுற்றி எங்கும் புதிய மினுக்கம் இல்லை. சத்தம் கேட்டதா என்று அந்த அம்மாவைக் கேட்டேன். புயல் இரவில் அங்கே இல்லை என்றும், அதற்கு முன்னால் வந்த காற்றுகளில் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

ஷெட் சோதனையில் தேறிவிட்டது என்று உரிமையாளர் மகிழ்ந்தார். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு ஆசை இல்லை, ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். ஃபெஞ்சல் கரை கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கி.மீ., அவ்வப்போது 90. நாம் கணக்குப் போட்டது 207 கி.மீ.க்கு. விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், அந்த 90 கொடுத்தது நம் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய 14 மி.மீ. முனையே அந்த இரவைத் தாண்டியிருக்கும். ஒரு புயலில் நின்றுவிட்டது என்பதை வைத்துப் பலம் என்று முடிவுகட்டும் ஷெட்கள் இந்தக் கரையில் எத்தனை என்று நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

அடுத்த முறை மாற்றிக்கொள்பவை

முதல் நாளே ஏணி ஏறுவேன். கீழ் முனையைப் பார்த்துவிட்டு மேல் முனை வரைபடப்படி இருக்கும் என்று எடுத்துக்கொண்ட என் கணக்கு 29 காட்டியது, உண்மை 20. அந்த நான்கு நாள் இடைவெளியில் காற்று வரவில்லை என்பதால் மட்டும் அது பெரிதாகத் தெரியவில்லை.

என் அலுவலகத்திலிருந்து போகும் வரைபடங்களில் இப்போது கிராஸ் ஆங்கிள் முனையைத் தனியாகப் பெரிதாக வரைகிறோம். முனை ஓரம், போல்ட் இடைவெளி, போல்ட் தரம், ஓட்டை டிரில் செய்ய வேண்டும் என்ற குறிப்பு, ஓட்டை சேராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற போன் எண், எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே. கணக்குத் தாளிலும் நடுப்பகுதிக்கான வரி கடைசியில்தான் வரும்.

இன்னொன்று உரிமையாளரே செய்தது. ஒவ்வொரு கிராஸ் ஆங்கிளிலும் கண் உயரத்தில் 'வெட்டக் கூடாது, கேட்டுச் செய்யவும்' என்று சிவப்பு பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார். 2022இல் அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஷட்டர்க்காரர் ஒரு போனாவது செய்திருப்பார்.

2025 மார்ச்சில் வெயில் ஏறியதும் கூரைத் தளத்தில் உள்ள கிராஸ் ஆங்கிள்களையும் பார்க்கத் தொடங்கினோம். முகப்பில் மோதும் காற்றைச் சுவர் கிராஸ் வரை கொண்டுவருவது அவைதான். மொத்தம் 16 முனைகள். இதை எழுதும்போது பத்து முடிந்திருக்கிறது. மூன்றில் ஓரம் 20 மி.மீ.க்குக் கீழே. மிச்சம் ஆறுக்கு அடுத்த வாரம் சாரம் கட்டுகிறோம்.